வாசிக்கத் திணறும் பிள்ளை: கண்ணுக்குச் செலவழிப்பதா, பாடத்துக்கா?

வாசிப்பில் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியாவாக (அறிவுக்குக் குறைவில்லாமலே எழுத்தை வாசிப்பது மட்டும் கடினமாக இருக்கும் நிலை) இருக்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், யோசனைகள் வரிசை கட்டி வரும். முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்பார் ஒருவர். கண் பயிற்சி கொடுத்தால் சில மாதங்களில் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். நிறக்கண்ணாடி போட்ட பிள்ளை மளமளவென்று படிக்கும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும். பிரான்சில் விஞ்ஞானிகள் கண்ணுக்குள்ளேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கு விளக்கும் வந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். இதற்கு நடுவில், எழுத்தையும் ஒலியையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் சொல்வார். கேட்பதற்கு இருப்பதிலேயே சுவாரசியம் குறைந்த யோசனை அதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய யாராலும் முடியாது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையின் மாலை நேரமும் பொறுமையும் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு ஒரு முழுப் பரிசோதனை, ஒழுங்காக, ஒரே தடவை. அதில் குறை தெரிந்தால் சரிசெய்துவிட வேண்டியது. மீதி நேரம் மொத்தமும் எழுத்து–ஒலிப் பாடத்துக்கு. விளக்கும் நிறக்கண்ணாடியும் வாங்காமல் விட்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

இப்படிச் சொல்ல என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிரான்சு செய்தியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் கண்ணின் அமைப்புக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் நேரடி முடிச்சுப் போட்டது அதுதான்.

மேக்ஸ்வெல் புள்ளியும் சிமிட்டும் விளக்கும்

விழித்திரையின் நடுவில் மையக்குழி என்று ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. ஒரு சொல்லைப் பார்க்கிறோம் என்றால் அந்தச் சொல்லின் பிம்பத்தை இந்தப் பள்ளத்தில் கொண்டுவந்து விழவைக்கிறோம் என்று அர்த்தம். நிறங்களை அறியும் கூம்பு செல்கள் இங்கேதான் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பள்ளத்தின் நட்டநடுவில், குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சொச்சம் வரும் ஓரிடத்தில், நீல ஒளியை உணரும் கூம்புகள் கிடையாது. அதனால் தகுந்த நீல வடிகட்டி வழியாக வெளிச்சமான திரையைப் பார்த்தால் பார்வையின் மையத்தில் ஒரு கறுத்த புள்ளி தோன்றும். அதற்கு மேக்ஸ்வெல் புள்ளி என்று பெயர்; மின்காந்தவியலுக்குச் சமன்பாடு எழுதிய அதே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்தான்.

ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர் லெ ஃபிளாக், கி ரோபார் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 பேர் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், 30 பேர் இல்லாதவர்கள். நீலமும் பச்சையும் மாறி மாறி வரும் திரையை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொல்லி, தெரியும் புள்ளியின் வடிவத்தைப் பதிவுசெய்தார்கள். டிஸ்லெக்சியா இல்லாதவர்களுக்கு ஒரு கண்ணில் புள்ளி வட்டமாகவும், மறு கண்ணில் ஒழுங்கற்ற வடிவிலும் இருந்தது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வட்டம். இந்த வேறுபாடு இருந்தால்தான் ஒரு கண் மேலோங்கும். அது இல்லாவிட்டால் மூளை எந்தக் கண்ணை நம்புவது என்று தெரியாமல் சொல்லின் பிம்பத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் சேர்த்துச் சுமக்கிறது, குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்பது அவர்கள் வாதம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டும் எல்ஈடி விளக்கு அந்த இரண்டாவது பிம்பத்தை அழித்துவிடும் என்றும் சொன்னார்கள். அந்த யோசனையிலிருந்து மேஜை விளக்கும், சிமிட்டும் மூக்குக் கண்ணாடியும் விற்பனைக்கே வந்துவிட்டன.

அழகான கருதுகோள், மறுக்கவில்லை. கண்ணில் ஒரு சின்ன சமச்சீர்தான் காரணம், அதை ஒரு விளக்கு சரிசெய்துவிடும் என்றால் எந்தப் பெற்றோருக்குத்தான் பிடிக்காது? ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன் சில விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஆய்வில் இருந்தவர்கள் 60 பேர்தான், அதுவும் வளர்ந்தவர்கள். பல வருடம் வேறு விதமாக வாசித்துப் பழகியவர்களின் கண்ணில் தெரியும் வேறுபாடு அவர்களின் சிரமத்துக்குக் காரணமா, விளைவா, இரண்டுமில்லாமல் கூடவே வந்த ஒன்றா என்பதை இந்த மாதிரி ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. எழுத்தே தெரியாத நாலு வயதுக் குழந்தைகளின் கண்ணைப் பார்த்துவிட்டு, சில வருடம் கழித்து யார் திணறுகிறார்கள் என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

அடுத்தது, கண்ணாடிப் பிம்பம் என்ற அடிப்படையே. ஆங்கிலத்தின் சிறிய பி (b), டி (d) இரண்டையும் பிள்ளைகள் மாற்றிப் போடுவது ஏழு வயதுவரை கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. ஒரு பொருளை இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒன்றென்று அறிவது மூளையின் இயல்பான பழக்கம். எழுத்துக்காக மட்டும் அந்தப் பழக்கத்தை மறக்கக் கற்கிறோம். தமிழில் அப்படிக் கண்ணாடிபோல் புரண்டுவரும் எழுத்து இணைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா இல்லாமலா போய்விட்டது? இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் வாசிக்கும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை மூளைப் படமெடுத்து 2001இல் ஒப்பிட்டார்கள். எழுத்துமுறையின் கடினத்தைப் பொறுத்து வாசிப்பின் தரம் மாறியது. ஆனால் மூளையின் இடது பக்கத்தில் செயல்பாடு குறைந்திருந்த இடம் மூவருக்கும் பொதுவாக இருந்தது.

விளக்கையே நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வாசிப்பின் நரம்பியலை ஆராயும் ஸ்தானிஸ்லா தெஹானும் அவர் குழுவினரும் நான்கு சோதனைகள் நடத்தி 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமான சிமிட்டல், மெதுவான சிமிட்டல் இரண்டையும் பார்த்தார்கள். வாசிப்பு மேம்படவில்லை என்பதுதான் முடிவு. லெ ஃபிளாக்கின் ஆய்வு வெளிவந்த அதே இதழில்தான் இதுவும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் செய்தி உலகம் முழுக்கப் பரவியது, இரண்டாவதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒருவர் விளக்கு வாங்கியே தீருவேன் என்று நின்றால் சண்டை வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். சிமிட்டல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சோதிப்பது சுலபம். ஒருவர் விளக்கைச் சிமிட்டும் நிலையிலோ சாதாரண நிலையிலோ வைத்துவிட்டு வெளியே போகட்டும். எந்த நிலை என்று தெரியாத இன்னொருவர் பிள்ளைக்குப் புதிய சொற்பட்டியலைக் கொடுத்துப் பிழைகளைக் குறித்துக்கொள்ளட்டும். சில நாள் இப்படிச் செய்துவிட்டு இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கண் மருத்துவர்கள் தொடங்கி வைத்த கதை

கண்மேல் சந்தேகம் விழுவதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. டிஸ்லெக்சியாவை முதலில் கவனித்து எழுதியவர்களில் பலர் கண் மருத்துவர்கள். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895இல் சொற்குருடு, அதாவது பார்வை இருந்தும் சொற்களை வாசிக்க முடியாத நிலை, பற்றி எழுதினார். அதைப் படித்த பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 1896இல் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று ஆசிரியர் சொன்னாராம். சொற்கள் மட்டும் பிடிபடவில்லை. எண்களையோ தடையில்லாமல் படித்தான். பார்வையும் நன்றாகவே இருந்தது. ஏழு என்ற எண்ணைப் பார்த்த அதே கண்தான் சொல்லையும் பார்த்தது. கோளாறு கண்ணில் இருந்தால் எண்ணும் தப்பியிருக்க வேண்டாமா? 130 வருடத்துக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

கண் ஓட்டத்தைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வழி. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. நன்றாக வாசிக்கும் பெரியவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் நொடி அளவு நிற்கிறார், அவ்வப்போது பின்னாலும் திரும்புகிறார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் கண் அதிக நேரம் நிற்கும், அடிக்கடி பின்னால் போகும். இதைத் திரையில் பார்க்கும் எவருக்கும் கண்ணில்தான் கோளாறு என்று தோன்றும். ஆனால் நமக்குத் தெரியாத மொழியின் எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும்போது நம் கண்ணும் அப்படித்தான் ஓடும். சொல் புரியாததால் கண் தயங்குகிறது.

இதைவிடச் சுவையான சான்று ஹீப்ரு வாசகர்களிடம் கிடைத்தது. ஆங்கிலம் வாசிக்கும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் 15 எழுத்துவரையும் பயன்படும் தகவலை எடுத்துக்கொள்கிறோம். ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை 1981இல் சோதித்தார்கள். ஹீப்ரு படிக்கும்போது அவர்களின் பார்வை வீச்சு இடப்பக்கம் சாய்ந்தது, ஆங்கிலத்துக்கு மாறியதும் வலப்பக்கம் சாய்ந்தது. அதே ஆள், அதே விழித்திரை. எங்கே கவனிப்பது என்பதை மூளை தீர்மானிக்கிறது.

காரணம் எது, விளைவு எது என்ற கேள்விக்கு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் குவினவீர் ஈடன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பதில் தருகிறது. அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதி டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளிடம் மந்தமாக இருப்பது முன்பே தெரியும். இவர்கள் அந்தப் பிள்ளைகளைச் சம வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டதோடு நிற்காமல், அதே அளவு வாசிக்கும் சின்னப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். வேறுபாடு மறைந்துவிட்டது. அப்புறம் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு ஒலி அடிப்படையிலான வாசிப்புப் பாடம் நடத்தினார்கள். பாடம் முடிந்தபோது வாசிப்பு ஏறியிருந்தது, அந்தப் பார்வைப் பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. கண்ணைத் தொடவே இல்லை.

அப்படியானால் கண் பரிசோதனை எதற்கு?

கண் தெளிவில்லாமல் எந்தப் பாடமும் ஏறாது, அதற்காக. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ வரக்கூடாது என்று சட்டமில்லை.

பிரிட்டனில் ஏவன் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், 7 முதல் 9 வயதுவரையான 5,822 பிள்ளைகளின் கண்ணையும் வாசிப்பையும் சேர்த்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். கடுமையான வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள் 3 சதவீதம். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குச் செய்த கண் சோதனைகள் ஒவ்வொன்றிலும் முடிவு இயல்பாக இருந்தது. கிட்டத்தில் இரண்டு கண்ணின் பிம்பங்களையும் ஒன்றாக்கும் சோதனையில் மட்டும் ஆறு பேரில் ஒருவர் தடுமாறினார்கள். சிரமம் இல்லாத பிள்ளைகளில் அது பத்தில் ஒருவர். ஆக, கண்ணில் ஏதோ இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல இதுவே போதும்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சுவரில் மாட்டிய அட்டையைத் தூரத்திலிருந்து வாசித்துவிட்டான், கண் நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். அந்த அட்டை தூரத்தைத்தான் அளக்கிறது. தூரப்பார்வைக் குறை (கிட்டத்தில் பார்க்கக் கண் சிரமப்படும் குறை) உள்ள பிள்ளை அதைச் சிரமமில்லாமல் படித்துவிடும். புத்தகம் பிடிக்கும் தூரத்தில்தான் கண் தசை இழுத்துப் பிடித்து உழைக்கும். கண்ணாடி போடாத, 4 டயாப்டரும் (கண் பவரின் அலகு) அதற்கு மேலும் தூரப்பார்வை உள்ள 4, 5 வயதுப் பிள்ளைகள் தொடக்க எழுத்தறிவுச் சோதனையில் பின்தங்கியதாக அமெரிக்காவில் 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: சொட்டு மருந்து விட்டு எடுக்கும் பவர், புத்தகம் பிடிக்கும் தூரத்தில் பார்வைச் சோதனை, இரண்டு கண்ணும் கிட்டத்தில் சேர்ந்து குவிகின்றனவா என்ற சோதனை. கண்ணின் வளைவு சீராக இல்லாமல் பிம்பம் மங்கும் ஆஸ்டிக்மாடிசமும் இதிலேயே தெரிந்துவிடும்.

போவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்துக் குறித்துக்கொண்டால் மருத்துவருக்கும் உதவி. முதல் பத்து வரி நன்றாக வந்து, போகப்போகக் கெடுகிறதா? தலை வலிக்கிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது, மிதக்கிறது என்று சொல்கிறானா? ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிக்கிறானா? இவையெல்லாம் கண் பக்கம் கை காட்டுபவை. காலையில் எழுந்ததும் படித்தாலும் முதல் வரியிலேயே அதே தடுமாற்றம். எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாலும் அப்படியே. பக்கத்தில் பழத்தின் படம் இருந்தால் ‘கனி’ என்பதை ‘பழம்’ என்று அடித்துவிடுகிறான். அதே பாடத்தை நீங்கள் படித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் வருகிறது என்றால் கண்ணை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கலாம். இன்னொன்று: அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு சுழி பிசகாமல் எழுதிவிட்டு, அதையே வாசிக்கச் சொன்னால் விழிக்கிறான் என்றால், கண் தன் வேலையைச் செய்துவிட்டது.

கண் பயிற்சி: யாருக்குப் பயன், யாருக்கு வீண்

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணையும் உள்நோக்கித் திருப்பிக் குவிக்க முடியாமல் சிலர் தவிப்பார்கள். குவிப்புக் குறைபாடு என்பது இதுதான். அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரை 221 பேரை வைத்து நடத்தி, 2008இல் வெளியிட்ட சோதனையில், மருத்துவரிடம் போய் 12 வாரம் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் குணமோ முன்னேற்றமோ கிடைத்தது. அதே மாதிரி தோன்றும் போலிப் பயிற்சி செய்தவர்களில் 35 சதவீதம்தான். வீட்டில் பென்சிலை மூக்குக்கு நேரே கொண்டுவரும் பயிற்சியும் போலிப் பயிற்சியைத் தாண்டவில்லை. ஆகக் குவிப்புக் குறைபாட்டுக்கு முறையான பயிற்சி வேலை செய்கிறது, சரி.

அதனால் வாசிப்பு மேம்படுமா? அதே குழுவினர் 9 முதல் 14 வயதுவரை 311 பிள்ளைகளுக்கு 16 வாரம் பயிற்சி கொடுத்து 2019இல் விடை சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் உண்மைப் பயிற்சிக்கும் போலிப் பயிற்சிக்கும் வித்தியாசம் இல்லை. கண் குவியும் திறன் கூடியது, ஆனால் வாசிப்பில் அதனால் கூடுதல் பயன் வரவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009இலேயே விட்ட அறிக்கையும், டிஸ்லெக்சியாவுக்காகக் கண் பயிற்சியையோ நிறக்கண்ணாடியையோ பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது. எனவே பரிசோதனையில் குவிப்புக் குறைபாடு என்று எழுத்தில் வந்தால் பயிற்சிக்குப் போங்கள். வாசிப்பு வேகம் கூடும் என்று சொல்லி பேக்கேஜ் போட்டு விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறக்கண்ணாடி, நிறத்தாள்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 1980களிலிருந்து ஹெலன் இர்லன் பெயரில் பரவிய முறை இது. வெள்ளைத்தாளில் எழுத்து கண்ணைத் தொந்தரவு செய்கிறது, தகுந்த நிறம் அதைத் தீர்க்கும் என்பது அதன் வாதம். ஸ்காட்லாந்தில் வாசிப்புச் சிரமம் உள்ள 7 முதல் 12 வயதுவரையான 61 பிள்ளைகளைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். அந்த முறையில் பயிற்சி பெற்றவரே வந்து பார்த்து 77 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார். அவரவருக்கென்று தேர்ந்த நிறத்தாளை வைத்துப் படித்தபோதும் வாசிப்பு வேகம் கூடவில்லை. நாலில் மூன்று பிள்ளைக்கு மேல் இருப்பதாகச் சொல்லும் எந்தச் சோதனையும் எனக்குச் சந்தேகம்தான். வெள்ளைத்தாள் கண்ணைக் கூசுகிறது என்று பிள்ளை சொன்னால் வெளிர்மஞ்சள் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள், அதற்கு விசேஷக் கண்ணாடி தேவையில்லை.

எழுத்து–ஒலிப் பாடம்

விளம்பரத்துக்கு லாயக்கில்லாத ஆள் இவர்தான். 22 ஒப்பீட்டுச் சோதனைகளைத் திரட்டி 2014இல் வந்த ஒரு மறுபார்வை, நிறத்தாள், செவிப் பயிற்சி, மருந்து, சரள வாசிப்புப் பயிற்சி என்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வாசிப்பிலும் எழுத்துப் பிழையிலும் பயன் உறுதியாகத் தெரிந்தது எழுத்து–ஒலி முறைக்கு மட்டும்தான். பயனின் அளவு மிதமானது. மாயம் எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருக்கும் வழிகளில் இது ஒன்றுதான் தேறியிருக்கிறது.

பாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நல்ல ஆசிரியரை அடையாளம் காணலாம். ஆசிரியர் நகரும் எழுத்துகளை வைத்து ‘கல்’ என்று அடுக்குகிறார். இதில் ஒரே ஒரு ஒலியை மாற்றிப் ‘பல்’ ஆக்கு என்கிறார். பிள்ளை முதலில் வாயால் சொல்லிப் பார்த்து, எங்கே மாறியது என்று விரலால் காட்டி, பிறகு எழுத்தை மாற்றுகிறது. அடுத்து, நீட்டு: ‘பால்’. முதல் ஒலியை மாற்று: ‘வால்’. கடைசி ஒலியை மாற்று: ‘வான்’. மறுபடி முதல் ஒலி: ‘மான்’. ஒவ்வொரு அடியிலும் ஒரே மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒலியும் எழுத்தும் சேர்ந்தே வரும். இது பிடிபட்டதும் ‘தூமல்’, ‘பேகுன்’ என்று பொருளற்ற சொற்கள். இவை எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. பொருளுள்ள சொல்லை நினைவிலிருந்தோ படத்திலிருந்தோ யூகித்துவிடலாம்; ‘பேகுன்’ என்பதை யூகிக்க முடியாது, எழுத்தை ஒலியாக்கித்தான் தீர வேண்டும். பிள்ளை உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்பதைவிட நாலைந்து நாள் அரைமணி மேல். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வருட அனுபவம் என்பதல்ல. எந்த வரிசையில் சொல்லித் தருகிறீர்கள், முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறீர்கள் என்பது. கையெழுத்து அழகாகிவிட்டது, தன்னம்பிக்கை கூடிவிட்டது என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள்.

சும்மா கிடைக்கும் ஒன்று

கண் சார்ந்த வழி எதுவுமே உதவாது என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்துகள் நெருங்கி நின்றால் ஒன்றையொன்று மறைத்துக் குழப்புவது பார்வையின் பொதுக் குணம். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் சிலருக்கு அது கூடுதல். இத்தாலியிலும் பிரான்சிலும் 74 பிள்ளைகளுக்கு எழுத்துகளின் இடைவெளியை மட்டும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைகள் பாதியாகக் குறைந்தன, வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது என்று 2012இல் எழுதினார்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே விற்கும் எழுத்துருக்களைச் சோதித்தபோதும், பயன் ஏதாவது இருந்தால் அது எழுத்தின் வடிவத்தால் வந்ததில்லை, இடைவெளியால்தான் என்று தெரிந்தது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. எந்தக் கணினியிலும் எழுத்து இடைவெளியைக் கூட்டி, வரிகளைத் தள்ளி வைத்து அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். கூடவே அறிவியல், வரலாறு போன்ற பாடங்களை ஒலிவடிவில் கேட்கவிடுங்கள். வாசிப்பு ஏறும்வரை மற்றப் படிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. சோம்பேறி ஆகிவிடுவானோ என்ற பயம் வீண்.

வேலையைத் தொடங்கும்போது கண் பரிசோதனைக்கு நேரம் கிடைக்கும்வரை பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கட்டும். கண்ணாடி தேவைப்பட்டால் போட்டுக்கொண்டு பாடம் தொடரட்டும். முதல் நாளே பொருளற்ற சொற்கள் 20, பொருளுள்ள சொற்கள் 20 வாசிக்கச் சொல்லி, எத்தனை சரி, எவ்வளவு நேரம் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தரத்தில் வேறு சொற்களை வைத்துத் திரும்பப் பாருங்கள். பொருளுள்ள சொற்கள் மட்டும் ஏறியிருந்தால் பிள்ளை மனப்பாடம் செய்கிறது, ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் அப்படியே போகலாம். இரண்டுமே அசையவில்லை என்றால் வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம், எத்தனை பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்கள் என்பதை முதலில் மாற்றிப் பாருங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது விளக்கின் லிங்க்கை மறுபடி அனுப்புவார்கள்.